அரிப்புக் கரையில் மூன்று குவியல்கள்

சென்ற வாரம் ரொறன்ரோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஒரு காலத்தில் கொழும்பில் என் மேசைக்கு எதிரே உதவி ஆசிரியராக அமர்ந்திருந்தவர். இப்போது அங்கே ஒரு நிறுவனத்தில் பதினான்கு பேருக்குப் பொறுப்பாளர். "அண்ணை, ஒரு வேலையை ஒருவரிடம் குடுத்தால் நான் நினைச்சபடி வருகுதில்லை. நானே செய்யப்போனால் இரவு பதினொரு மணியாகுது. நீங்கள் அத்தனை நிருபர்களையும் எப்பிடிச் சமாளிச்சியள்?" என்று கேட்டிருந்தார்.

சமாளிக்கவில்லை என்பதே உண்மையான பதில். ஆனால் ஒரு வரியில் அதை எழுதி அனுப்பிவிட மனம் வரவில்லை. பிறரிடம் வேலையை ஒப்படைப்பது பற்றி எனக்குத் தெரிந்த சிறிதளவையும் நான் எந்த முகாமைத்துவ நூலிலும் கற்றவனல்லன். பாதியை மன்னார்க் கடலின் வரலாற்றிலிருந்து கற்றேன். மறுபாதியை அதே மன்னாரில் நான் இழைத்த ஒரு தவறிலிருந்து கற்றேன். இரண்டையும் இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமன்றி, கையிலிருக்கும் வேலையை விட மனமில்லாத வேறு சிலருக்கும் இது பயன்படக்கூடும்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றால் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்ற ஊர்கள் வரும். அரிப்பில் ஒரு சிறிய ஒல்லாந்தர் கோட்டை உண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்த கோட்டை அது. அதற்கு அண்மையில், கடலை நோக்கிய மணல் மேட்டின் விளிம்பில், ஒரு பெரிய மாளிகையின் இடிபாடுகள் நிற்கின்றன. பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் கட்டுவித்த மாளிகை. முத்துக்குளிப்பை ஆளுநரே நேரில் இருந்து பார்வையிடுவதற்காகக் கட்டப்பட்டது. இன்று கடல் அதன் அடிவாரத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. சுவர்களில் ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்துவிட்டது.

அந்த இடிபாடுகளின் முன் நின்றபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இந்த மாடியில் நின்ற ஆளுநரால் எதைப் பார்த்திருக்க முடியும்? முத்துச் சிப்பி விளையும் பார்கள் (கடலடியிலுள்ள பாறைத் தளங்களைப் பரவரும் முஸ்லிம் கடலோடிகளும் பார் என்றே அழைத்தனர்) கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடந்தன. செவல் பார், மோதரகம் பார், பெரிய பார் என அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. வேலை நடந்த இடமோ நீருக்கடியில். அங்கே எந்த அதிகாரியும் வரமுடியாது. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ மூச்சை அடக்கிக் கொண்டு கீழே சென்றவன் என்ன கண்டான், எதை எடுத்தான், எதை விட்டான் என்பதை அவன் ஒருவனே அறிவான்.

மேற்பார்வை செய்ய இயலாத வேலை என்று உலகில் ஒன்று உண்டென்றால் அது முத்துக்குளிப்புத்தான். ஆயினும் நூற்றாண்டுக் கணக்காக அரசுகள் அதை நடத்தின. பாண்டியரும் யாழ்ப்பாண மன்னரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் மாறி மாறி அதிலிருந்து வருமானம் பெற்றனர். எப்படி?

முதலில், யார் யார் என்னென்ன செய்தனர் என்று பார்ப்போம். பார்களின் இருப்பிடத்தை அறிந்து வழிகாட்டியவர்கள் அடப்பனார் எனப்பட்ட தலைமைக்காரர்கள். அந்த அறிவு தலைமுறை வழியாக வந்தது. படகின் உரிமையாளர் சம்மாட்டி. படகை நடத்துபவர் தண்டல். 1800ஐ ஒட்டி எழுதிய பிரித்தானியர் ஒரு படகில் தண்டல் நீங்கலாக இருபது பேர் இருந்ததாகவும், அவர்களில் பத்துப் பேர் குளியாளர் என்றும், ஐந்து கற்களைக் கொண்டு ஐவர் ஐவராக மாறி மாறி இறங்கினர் என்றும் குறிப்பிடுகின்றனர். குளியாளர் காலைக் கல்லில் கோத்துக்கொண்டு இறங்குவார். கல் அடியைத் தொட்டதும் காலை விடுவிப்பார். மேலே நிற்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக் கயிற்றைச் சுண்டுவார். சுண்டியதும் இழுக்க வேண்டும். கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாக இருக்கவேண்டும், தன் தமக்கையோ தங்கையோ தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று இரு கரையிலும் சொல்வதுண்டு. பணியில் நம்பிக்கை என்பதன் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக நான் அறியேன்.

இவர்களில் ஒருவருக்கும் எப்படி இறங்க வேண்டும் என்று அரசு சொல்லிக்கொடுக்கவில்லை. தூத்துக்குடிப் பரவரும், கீழக்கரை முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் ஒரே பாரில் குளித்தனர். அரபியர் மூக்கில் கவ்வி மாட்டினர். நம்மவர் கையால் மூக்கைப் பொத்தினர். எவர் முறை சிறந்தது என்று அரசு விதி எதுவும் செய்யவில்லை.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியாகச் சென்ற மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் பத்திலொரு பங்கு அரசனுக்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டி வைப்போருக்கு இருபதிலொரு பங்கும் சென்றதாக எழுதியிருக்கிறார். அந்தக் 'கடல் கட்டி' ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பிரித்தானியர் நடத்திய முத்துக்குளிப்பில் அரச செலவில் இருந்தார். மந்திரத்தில் பிரித்தானிய அதிகாரிகளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் கரையில் இல்லாவிட்டால் குளியாளர் பலர் இறங்கமாட்டார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வேலை செய்பவனுக்கு எது துணிவு தருகிறது என்பதை வேலை கொடுப்பவன் தன் அறிவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்ற பாடத்தை அவர்கள் வேண்டாவெறுப்பாகவேனும் கற்றிருந்தனர்.

அப்படியானால் அரசு என்னதான் செய்தது? நான்கு காரியங்களைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

முதலாவது, எப்போது என்ற முடிவு. முத்துச் சிப்பி முதிர நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். முன்னதாக எடுத்தால் முத்துத் தேறாது. பிந்தினால் சிப்பி கிழடாகி மடிந்துவிடும். எனவே பார்ப் பரிசோதகர் அடப்பனாரையும் குளியாளரையும் அழைத்துச் சென்று பார்களைச் சோதிப்பார். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அழுக வைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளைக் கொழும்பில் மதிப்பிடச் செய்வர். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி என்ற விவரம் பகிரங்கமாக அறிவிக்கப்படும். அதைப் பார்த்தே வணிகர்கள் வந்தனர். சோதனை சரியில்லையெனில் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. 1837க்குப் பின் 1855 வரையும், 1891க்குப் பின் 1903 வரையும் இலங்கைப் பார்களில் குளிப்பே நடைபெறவில்லை.

இரண்டாவது, எங்கே என்ற எல்லை. எந்தப் பாரில், எந்தப் பகுதியில் என்பதை மிதவைகளால் குறித்துவிடுவார்கள். நள்ளிரவில் கரைக்காற்றுடன் படகுகள் புறப்படும். விடிந்தபின் குறி கிடைத்ததும் இறங்குவர். நண்பகலையொட்டி மறுகுறி கிடைத்ததும் நிறுத்திக் கடற்காற்றுடன் திரும்புவர்.

மூன்றாவது, கணக்கு. நான்காவது, விற்பனை. இவை இரண்டும் கரையில், கொட்டு எனப்பட்ட வேலியடைத்த கொட்டகையில் நடந்தன.

கணக்கெடுத்த முறையைத்தான் நான் நண்பருக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலங்கையில் குளியாளருக்குக் கூலி கிடையாது. எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே அவர்களுக்குரியது. படகு கரையை அடைந்ததும் அவர்களே சிப்பி மூட்டைகளைக் கொட்டுக்குள் சுமந்து சென்று, அவர்களே மூன்று சமமான குவியல்களாகப் பிரிப்பர். பிரித்து முடிந்தபின் அலுவலர் வந்து, இந்த இரண்டும் அரசுக்கு என்று சுட்டிக்காட்டுவார். எஞ்சியது அவர்களுடையது. எது எஞ்சும் என்பது பிரிக்கும்போது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே மூன்றையும் சமமாகப் பிரிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு நலன் இல்லை. அலுவலர் ஒவ்வொரு குவியலையும் எண்ணிச் சண்டையிட வேண்டியதும் இல்லை. இரவில் அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலத்தில் விற்கப்படும். குளியாளர் தம் பங்கைக் கொட்டு வாசலிலேயே சிறு வணிகரிடம் விற்றுவிட்டுப் போவர்.

இதற்கு நேர்மாறான முறை ஒன்றும் கையாளப்பட்டது. வரும் வழியில் படகிலேயே சிப்பியை உடைத்து முத்தை ஒளித்துவிடுகிறார்கள் என்ற குறை என்றும் இருந்தது. அதற்காகப் படகுகளில் காவலாட்களை ஏற்றினர். அதனால் திருட்டு ஒழியவில்லை. இருபது பேருக்கு நடுவே, நடுக்கடலில், ஒற்றைக் காவலன் என்ன செய்வான்? ஒன்றும் அறியாதவன்போல் அமர்ந்திருப்பான், அல்லது பங்கு கேட்பான். காவலன் காக்க முடியாததை மூன்று குவியல் ஓரளவேனும் காத்தது.

இந்த ஏற்பாட்டின் அளவை எண்ணிப் பாருங்கள். 1905ஆம் ஆண்டின் குளிப்பு வரலாற்றில் மிகப் பெரியது. 300க்கு மேற்பட்ட படகுகளும் ஏறத்தாழ 5,000 குளியாளரும் அதில் ஈடுபட்டனர். சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. சில வாரங்களுக்காக மறிச்சுக்கட்டி மணலில் ஒரு நகரமே எழுந்தது. நீதிமன்றம், மருத்துவமனை, தபாலகம், சந்தை எல்லாம் ஓலைக் கொட்டகைகளில். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப், யாழ்ப்பாணத்தில் இளம் சிவில் சேவை அலுவலராக இருந்தபோது, 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் கொட்டில் பணிபுரிந்தவர். பல்லாயிரம் பேர் கூடிய அந்த இடத்தை விரல்விட்டு எண்ணத்தக்க சில அலுவலர்களே நடத்தியதை வியப்புடன் தன் வரலாற்றில் பதிந்திருக்கிறார். நடத்தியவர்கள் அந்தச் சிலர் மட்டுமல்லர் என்பதே என் எண்ணம். ஒவ்வொரு படகிலும் ஒரு தண்டல் இருந்தார். ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் ஒருவர் நின்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1970களின் பிற்பகுதி. நான் கொழும்பில் ஒரு நாளிதழின் செய்தி மேசைக்குப் பொறுப்பாக அமர்த்தப்பட்டிருந்த காலம். முப்பது வயதுகூட நிறையவில்லை. மன்னாரில் எங்களுக்கு ஒரு பகுதிநேர நிருபர் இருந்தார். பாடசாலை ஆசிரியர். என்னைவிட இருபது வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எனக்கும் அப்படித்தான். அவர் என்னைத் தம்பி என்பார்.

ஓர் ஆனி மாதம். பேசாலையிலிருந்து இரவில் தொழிலுக்குப் போன ஒரு வள்ளம் திரும்பவில்லை. அதில் இருவர், தகப்பனும் மகனும். காலையில் மாஸ்டர் தபாலகத்திலிருந்து தொலைபேசியில் செய்தி சொன்னார். நான் விவரம் கேட்டேன். நண்பகலில் மறுபடி அழைத்தேன். யாரைச் சந்திக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் எழுத வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அந்தக் கரையை நான் அதுவரை கண்டதில்லை. மாலை ஐந்து மணிக்கு மூன்றாவது முறை அழைத்து, "மாஸ்டர், மற்றப் பத்திரிகைக்குப் போக முன்னம் எங்களில வரவேணும். கடலில் பலி என்று அஞ்சப்படுகிறது எண்டு எழுதித் தாங்கோ" என்றேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "தம்பி, காத்து சோழகம். வள்ளம் கவிழ்ந்ததுக்கு ஒரு தடயமும் இல்லை. இரணைதீவுப் பக்கம் ஒதுங்கியிருப்பினம். இஞ்ச கடற்கரையில எல்லாரும் அதைத்தான் சொல்லினம். ரெண்டு நாள் பொறுங்கோ" என்றார்.

நான் பொறுக்கவில்லை. நான் சொன்னபடி எழுதச் சொன்னேன். அவரும் எழுதினார். மறுநாள் முதற்பக்கத்தில் பெயர்களுடன் வந்தது. 'அஞ்சப்படுகிறது' என்ற சொல் உள்ளே இருந்தது. தலைப்பில் இல்லை. தலைப்பை எழுதியவன் நான்.

பத்திரிகை மன்னாருக்குப் போய்ச் சேர்ந்த அன்று அந்த வீட்டில் ஒப்பாரி எழுந்தது. கடற்கரை சொன்னதைவிட அச்சில் வந்ததை அந்தத் தாய் நம்பினார். மூன்றாம் நாள் தகப்பனும் மகனும் இரணைதீவிலிருந்து வேறொரு வள்ளத்தில் வந்து இறங்கினர். அவர்களின் கப்பாய் கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

திருத்தம் வெளியிட்டோம், உட்பக்கத்தில், நான்கு வரி. நான் மாஸ்டரை அழைத்து, ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று கேட்டேன். வெட்கத்துடன் எழுதுகிறேன், குரலை உயர்த்தியே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நீங்கள் சொன்னதை எழுதினன். நான் கண்டதைக் கேட்டிருந்தால் கண்டதை எழுதியிருப்பன்" என்றார்.

அடுத்த விடுமுறையில் நான் முதன்முறையாக மன்னாருக்குப் போனேன். மாஸ்டர் என்னை அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தாய் எனக்குத் தேநீர் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அரிப்புக்குக் கூட்டிச்சென்று, முத்துக்குளிப்பின் கதையையும் மூன்று குவியலின் முறையையும் எனக்கு முதலில் சொன்னவரும் அவரே. என்னைக் குத்திக்காட்டவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. பின்னர் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தபோது, அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

என் தவறு எங்கே இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. காற்றை அறிந்தவர் அவர். அவர் அறிந்த பகுதியில் நான் மூன்று முறை தலையிட்டேன். வெளியிடுவது எப்போது என்ற முடிவு என்னுடையது. அதை மாதிரிச் சிப்பியைப் பார்க்காமலே எடுத்தேன். அடப்பனாரின் வேலையைப் பரிசோதகர் செய்யப் புகுந்து, பரிசோதகரின் வேலையைச் செய்யாமல் விட்ட கதை அது.

இதற்கு எதிர்ப்புறத்துத் தவறும் உண்டு. அதையும் மன்னார்க் கடலே காட்டுகிறது.

1902இல் லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெல் என்பவரைத் துணையாகக் கொண்டு இப்பார்களை ஆராய வந்தார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் ஏராளமாகத் தோன்றி, முதிருமுன் மறைந்துவிடுவதை அவர் கண்டார். குளியாளர் அதைத் தாய்ப் பார் என்றே அழைத்தனர். அங்கு பிறந்த சிப்பிகள் மற்றப் பார்களுக்குப் போய்விடுகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அவை போகவில்லை, மணல் பெயர்வாலும் நீரோட்டத்தாலும் மீன்களுக்கு இரையாகியும் அழிகின்றன என்று ஹேர்ட்மன் விளக்கினார். இளஞ்சிப்பிகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் இடவேண்டும் என்றார். கவனியுங்கள்: எங்கே நிகழ்கிறது என்பதைக் குளியாளர் அறிந்திருந்தனர். ஏன் என்பதை அறிவியல் சேர்த்தது. இரண்டு அறிவும் ஒரு கையில் இருக்கவில்லை.

1903 முதல் ஆண்டுதோறும் குளிப்பு நடந்து பொன் கொழித்த அந்த வேளையில், 1906இல், அரசு முழு முத்துக்குளிப்பையும் லண்டனில் உருவான இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபா. எப்போது குளிப்பது, பார்களை எப்படி வளர்ப்பது என்ற தலைவலியெல்லாம் கம்பனிக்கு, வாடகை மட்டும் எமக்கு என்பது கணக்கு. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், 1907 வரை குளிப்பு நடந்தது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. ஆண்டுகள் கடந்தன, சிப்பி முதிரவில்லை. வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. 1912இல் கம்பனி முடிவுக்கு வந்தது. அதன்பிறகு 1925இல்தான் மறுபடி ஒரு குளிப்பு நடத்த முடிந்தது. எதிர்க்கரையில் தூத்துக்குடியில் 1961இல் நடந்ததே இறுதியானது.

பார்கள் வெறுமையானதற்குக் கம்பனியை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையன்று. கடல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டதில்லை. தொடர்ந்து ஐந்தாண்டு எடுத்ததில் முதல் மூன்றாண்டு அரசே எடுத்தது. 1796, 1797, 1798 என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துக் குளித்துப் பார்களை வறிதாக்கிய அதே அவசரம். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். விளைந்தால் இருவருக்கும், விளையாவிட்டால் இருவருக்குமில்லை என்ற மூன்று குவியல் நியதி அந்தக் குத்தகையில் இல்லை. பார் பொய்த்தாலும் வாடகை பொய்க்கக் கூடாது என்று அரசு எண்ணியது. பொறுப்பை ஒப்படைத்ததாக அது நினைத்துக்கொண்டது. உண்மையில் பொறுப்பிலிருந்து விலகியது. கம்பனி விழுந்தபோது வெறும் பார்களும் அரசின் கைக்கே திரும்பி வந்தன.

நம் ஊரில் அதிகாரப் பகிர்வு என்ற சொல்லை அரசியலில் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். அதைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் கொடுத்தேன் என்று சொல்லிக் கொடாதிருப்பதும், கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுவதும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை வாசகர்கள் தாமே உணர்வர்.

பழைய முறையைப் பொற்காலமாகக் காட்டவும் நான் விரும்பவில்லை. மூன்றிலொரு பங்கு என்பது படகு முழுவதற்கும். அதில் சம்மாட்டிக்கும் தண்டலுக்கும் போக, குளித்தவருக்குக் கூடவும் கயிறு பிடித்தவருக்குக் குறையவுமாகப் பிரியும். சம்மாட்டியிடம் முன்பணம் பெற்றுக் கடனில் இறங்கியவர்களும் பலர். முகாமில் கொலரா பரவி ஆட்கள் மாண்டதும் உண்டு. காது கிழிந்தவர்களுக்கும் மேலே வராதவர்களுக்கும் கொட்டில் குவியல் எதுவும் இருக்கவில்லை. செயலை முழுமையாக ஒப்படைத்த அரசு, அதன் ஆபத்தையும் முழுமையாக அவர்கள் தலையிலேயே விட்டது. நல்ல பொறுப்பாளர் கற்றுக்கொள்ள வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும் ஒரே கரையில்தான் கிடக்கின்றன.

ரொறன்ரோ நண்பருக்கு என் பதிலைச் சுருக்கிச் சொல்கிறேன்.

தம்பி, உம்முடைய பதினான்கு பேரில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நீருக்கடியில் வேலை செய்கிறார். அங்கே உம்மால் இறங்க முடியாது. எப்போது தொடங்குவது, எல்லை எது, கணக்கு என்ன என்ற மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும். தொடங்கும் நாளைக் குறிக்குமுன் அடப்பனாரைக் கேளும். எப்படி இறங்குவது என்பதில் வாய் திறவாதேயும். விளைவில் அவருக்கும் ஒரு குவியல் இருக்கட்டும், அது பாராட்டாகவேனும் இருக்கட்டும். தவறிப் போனால் நட்டத்தில் உமக்கும் ஒரு குவியல் இருக்கட்டும். கயிற்றை விட்டுவிடாதேயும், ஆனால் அவர் சுண்டாமல் இழுக்காதேயும். ஒரு நாளைக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைப்பது கயிறு பிடிப்பதாகாது. அதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

மாஸ்டர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் அவர் எங்களுக்கு நெடுங்காலம் செய்தி அனுப்பினார். நான் காலையில் ஒருமுறை அழைத்து, "மாஸ்டர், என்ன காத்து?" என்று மட்டும் கேட்பேன். அவர் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன்.